இன்று காலை எடுத்தது

ஒன்பது மாத காலம் நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் கடலைக் காட்டினேன். தினம் ஒரு படம். ஒவ்வொரு படத்தின் கீழும் 'இன்று காலை எடுத்தது' என்று ஒரு வரி இருக்கும். ஆரப்பாளையத்தில் காலையில் எடுக்கக் கிடைப்பது உசிலம்பட்டி பஸ் விடும் புகையும், லாட்ஜ் வாசலில் நின்று பல் துலக்குகிறவர்களும்தான். கடலுக்கு அங்கிருந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி இப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நான் வந்த முடிவும் அதுதான்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. சர்க்கார் அலுவலகம் ஒன்றில் உதவியாளர். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, பதவி உயர்வு கொடுத்த கையோடு என்னைத் தூக்கி ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு கடற்கரை ஊரில் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு நான் செய்த நல்லது ஒன்றும் இல்லை, பெயரையாவது விட்டுவைக்கிறேன். பசுமலையில் வீடு, கணவர் பள்ளிக்கூட ஆசிரியர், பையன் ஹாஸ்டலில். நான் மட்டும் உப்புக்காற்றில் பூட்டு துருப்பிடிக்கும் ஒரு ஒற்றை அறையில். முதல் ஆறு மாதம் நான் கடல் பக்கமே போகவில்லை. பார்த்தால் கோபம்தான் வந்தது.

என் புலம்பல் தாங்காமல் கணவர்தான் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தார். "கொழந்தை அழுதா கிலுகிலுப்பை குடுக்கிறதில்லையா, அதுமாதிரி வச்சுக்க" என்றார். அந்தக் கிலுகிலுப்பை என்னை நன்றாகவே பிடித்துக்கொண்டது. விடிந்ததும் கடற்கரைக்குப் போனால் படகு வரும், வலை உதறுவார்கள், ஏலம் நடக்கும், நாய்கள் சண்டை போடும். எதை எடுத்தாலும் படமாக இருந்தது. அந்த ஊரில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்து ஒரு ப்ளாக் ஆரம்பித்தேன். தமிழில் வலைப்பூ என்று அழகாகப் பெயர் வைத்திருந்த காலம் அது. எனக்கு எழுத வராது, கவிதை அறவே வராது. அதனால் தினம் ஒரு படம், கீழே 'இன்று காலை எடுத்தது'. அந்த வரியைத் தினமும் அடிக்கச் சோம்பல்பட்டு, படம் ஏற்றினால் தானாகவே வந்து நிற்கும்படி சென்டர்க்காரப் பையனிடம் சொல்லி அமைத்துக்கொண்டேன். என் சோம்பலுக்கு எவ்வளவு வேலை செய்யத் தெரியும் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றே மாதத்தில் தினமும் இருநூறு பேர் பார்த்தார்கள். சிகாகோ, சிங்கப்பூர், சவூதி. பின்னூட்டம் என்று கீழே எழுதுவார்கள். 'அருமை', 'மனசு எங்கோ போய்விட்டது', 'அக்கா, அடுத்து சூரியோதயம் ப்ளீஸ்'. இருபது வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் ஒருவர்கூட என் வேலையைப் பார்த்து அருமை என்று சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களில் ஒருவர் மட்டும் அருமை என்று எழுதமாட்டார். அதே ஊர்க்காரர், ஷார்ஜாவில் ஏதோ குடோனில் வேலை. என்னை அக்கா என்பார், அதனால் எனக்கு அவர் தம்பி. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். நான் எல்லாவற்றையும் படகு என்று எழுதினால், "இது வத்தை அக்கா" என்று திருத்துவார். கொடி பறக்கும் திசையை வைத்து, "இன்னைக்குக் கொண்டல் அடிக்குதுபோல" என்பார். கடலிலிருந்து வருகிற காற்று கொண்டல், ஆடி மாசத்தில் நிலத்திலிருந்து மண்ணை வாரிக்கொண்டு போவது கச்சான் என்று எனக்குச் சொன்னது அவர்தான். மதுரைக்காரர்களுக்குக் காற்று என்றால் அடிக்கும், இல்லாவிட்டால் அடிக்காது. அதற்கு மேல் நாங்கள் அதைக் கேட்டதில்லை. அவர் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

ஒருநாள் அவர் கேட்டார்: "ஏலக்கூடத்துக்குப் பின்னால கருவாட்டுச் சந்து இருக்கும். அங்கிட்டுப் போனா ஒரு போட்டோ எடுங்கக்கா."

போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகத் தரையில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு விற்கிற சந்து. மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்துப் போட்டேன். மற்றவர்கள், கடல் எங்கே என்றார்கள். தம்பி மட்டும், "நன்றிக்கா" என்றார். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் கேட்டார். அப்புறம் மாதம் இரண்டு தடவை அது வழக்கமாகிவிட்டது. பாவம், வெளிநாட்டில் கருவாட்டு நினைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இனிமேல் ஏழு மாதத்துக்கு இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று ஒரே மூச்சில் பதினான்கு படம் எடுத்துவைத்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் பிறகும் புதிதாகத்தான் எடுத்துப் போட்டேன். அந்தப் பதினான்கும் அப்படியே ஒரு சி.டி.யில் கிடந்தன.

யார் யார் காலிலோ விழுந்து அடுத்த வருஷம் வைகாசியில் மதுரைக்கு மாற்றல் வாங்கினேன். ஆரப்பாளையம் பக்கத்தில் அலுவலகம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். சாயங்காலம் அங்கே ஏறி அரைமணி உட்கார்ந்துவிட்டுப் பசுமலைக்கு பஸ் ஏறுவேன்.

முதலில் நேர்மையாகத்தான் இருந்தேன். மதுரைக்கு வந்துவிட்டேன், இனி இந்தப் பக்கத்துக் காட்சிகள் என்று எழுத நினைத்தேன். நினைத்ததை எழுதவில்லை. படத்தைப் பார்த்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். பசுமலைக் குன்றைப் போட்டேன். கணவரின் சொந்த ஊர் உசிலம்பட்டி; அங்கே மாட்டுச் சந்தைக்குப் போய், துண்டுக்குள் கைவைத்து விலை பேசுகிறவர்களை எடுத்துப் போட்டேன். வெடித்துக் கிடந்த கண்மாயைப் போட்டேன். என் கண்ணுக்கு அவை கடலைவிட நல்ல படங்கள். இருநூறு பேர் எழுபது பேரானார்கள். பின்னூட்டம் மூன்று வந்தது, மூன்றிலும் ஒரே கேள்வி: கடல் எங்கே? ஒருவர் எழுதினார், "மேடம் லீவுல போயிருக்காங்க போல, திரும்பி வந்ததும் பாத்துக்கலாம்." என் ஊரும் என் கணவரின் ஊரும் அவருக்கு லீவு.

எனக்கு ஆத்திரம் வந்தது. பையில் சி.டி.க்கள் இருந்தன. நான் போடாமல் வைத்த ஐந்நூறு அறுநூறு கடல். அன்று ஒன்றை எடுத்து ஏற்றினேன். கீழே அந்த வரி தானாக வந்து நின்றது. எடுத்துவிட எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. மறுநாள் நூற்றைம்பது பேர் திரும்பி வந்தார்கள்.

சென்டர்க்காரர் ஒருநாள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காலைல எடுத்ததுன்னு போட்டிருக்கீங்க? ஆரப்பாளையத்துல எனக்குத் தெரியாம எங்கிட்டுக்கா இம்புட்டுத் தண்ணி?" என்றார். சிரித்து மழுப்பினேன். வீட்டில் கணவர் அதுகூடச் சொல்லவில்லை. "யாருக்கு என்ன நட்டம்? கேலண்டர்ல வர்ற சாமிகூடத்தான் இன்னைக்கு எடுத்ததில்ல" என்றார். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. யாருக்கு என்ன நட்டம் என்று நானும் தினமும் கேட்டுக்கொண்டு தினமும் ஒரு கடலை ஏற்றினேன்.

மார்கழியில் ஒரு சறுக்கல் வந்தது. தம்பி எழுதினார்: "அக்கா, கொடி கடலப் பாத்துப் பறக்குதே. மார்கழில கச்சான் எப்படி அடிக்கும்?" அது ஆடி மாதத்துப் படம். கொடியும் காற்றும் என் கண்ணிலேயே படவில்லை. கொஞ்ச நேரம் விரலைக் கடித்துவிட்டு, "எல்லாம் மாறிப்போச்சு தம்பி, பருவம் முந்தி மாதிரி இல்லை" என்று எழுதினேன். அவ்வளவுதான். சிகாகோவிலிருந்து ஒருவர் பூமி சூடாவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். சிங்கப்பூர் அதற்கு மறுப்பு எழுதியது. மனிதனின் பேராசைதான் காரணம் என்று ஒரு அம்மாள் வருத்தப்பட்டார். ஐம்பது பின்னூட்டம். என் ப்ளாக் அவ்வளவு பெருமைப்பட்டது அன்று ஒருநாள்தான். தம்பி மட்டும் அதற்குப் பிறகு காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. நான் கொடி இல்லாத படங்களாகப் பொறுக்க ஆரம்பித்தேன்.

கருவாட்டுச் சந்துப் படத்தையும் அவர் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையில்தான் பதினான்கு இருந்ததே. பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் போட்டுவந்தேன். ஒரே நாள் எடுத்தது என்று தெரியாமலிருக்க ஒன்றை இந்த ஓரம் வெட்டுவேன், அடுத்ததை அந்த ஓரம் வெட்டுவேன். அலுவலகத்தில் கோப்பு தயாரிப்பதில்கூட நான் அத்தனை கவனம் காட்டியதில்லை.

மார்கழி கடைசியில் அவரிடமிருந்து தனியாக ஒரு மடல் வந்தது. முதல் தடவையாக.

"அக்கா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். சந்துல எடதுபக்கமிருந்து மூணாவதா நீலத் தார்ப்பாயில உக்காந்திருக்கிறது என் அம்மா. இங்க வந்த எடத்துல வேற மதத்துப் பொண்ணக் கட்டிக்கிட்டேன்னு ஊர்ல என்னைய வெலக்கி வச்சிருக்காக. என்கூடப் பேசுனா அபராதம். அண்ணன்மாரு போன எடுக்க மாட்டாக, அம்மாவையும் எடுக்க விடமாட்டாக. எட்டு வருசம் ஆச்சு. ஒங்க போட்டோலதான் அம்மாவப் பாக்குறேன். போன வருசம் மொகம் நல்லாத் தெரிஞ்சுச்சு. இப்பக் கொஞ்ச மாசமா அங்கிட்டுத் திரும்பியே உக்காந்திருக்கா. கட்டுனது அதே ஊதாச் சேலைதான். எடுத்துக் குடுக்க ஆளில்லபோல. எனக்காக ஒண்ணு செய்யணும். ஒரு பச்சைச் சேலை வாங்கிக் குடுங்க, அவளுக்குப் பச்சை புடிக்கும். நான் குடுத்ததுன்னு காதோட சொல்லுங்க. ஒடம்பு எப்படி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இங்க தை பொறந்ததும் லீவு தாரேங்குறாக. அண்ணன்மாரு அடிச்சாலும் பரவால்லன்னு வந்து பாத்துரலாம்னு இருக்கு. நல்லா இருக்கான்னா ஆடிக்கு வாரேன், அப்ப ரெண்டு மாசம் சேத்துக் கெடைக்கும். நீங்க சொல்றத வச்சுத்தான் டிக்கெட் போடணும்."

அந்த மடலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பையன் பரீட்சை முடிவு பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கண்டக்டர்கள், தேனி தேனி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். நான் சி.டி.யைப் போட்டு அந்தப் பதினான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். மூன்றாவது ஆள். ஒடிசலான உடம்பு. பாதி கன்னம், காதில் ஒரு கல்தோடு. ஆறு மாதமாக நான் வெட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தது அவருடைய அம்மாவை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் மதுரையில் இருக்கிறேன் தம்பி, உங்கள் அம்மாவைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது என்று இரண்டு வரி. அது வாயில் வராவிட்டால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறியிருந்தால் சனிக்கிழமை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். நான் செய்தது வேறு. அவர் தையில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அம்மாவைப் பார்ப்பார். ஒரு பொம்பளை உங்களைப் படம் எடுத்தாளே, சேலை கொடுத்தாளே என்று கேட்பார். அந்த அம்மாள் விழிப்பாள். ப்ளாக்கில் வந்து எழுதுவார். சிகாகோ படிக்கும், சிங்கப்பூர் படிக்கும். இதைத்தான் நான் யோசித்தேன். வேறு எதையும் யோசித்ததாக இப்போது சொன்னால் அது இன்னொரு பொய்.

எழுதினேன்: "அம்மா நல்லா இருக்காங்க தம்பி. இன்னைக்குக் காலைலகூடப் பார்த்தேன். கேமராவுக்கு வெட்கப்பட்டுத்தான் திரும்பிக்கிறாங்க. சேலை கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அவசரப்பட வேண்டாம், ஆடிக்கே நிதானமாக வாங்க."

அன்றே பதில் வந்தது. "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்க்கா. ஆடிக்கே டிக்கெட் போட்டுட்டேன்."

சேலையை உடனே வாங்கிவிட்டேன். அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. நல்ல கிளிப்பச்சை, கைத்தறி, அரக்கு கரை. பீரோவில் வைத்தேன். அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தேன், அலுவலகத்தில் தணிக்கை வந்தது. அதற்கடுத்த வாரம் நாத்தனார் வீட்டு விசேஷம். போக மனமில்லாதவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? தை பாதியில் தம்பி கேட்டார், சேலை கொடுத்தாச்சா என்று. கொடுத்தாச்சு என்றேன். அம்மா என்ன சொன்னாங்க என்றார். கண் கலங்கினாங்க என்றேன். எனக்கு எழுத வராது என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அது சரியில்லை.

மாசி பிறந்ததும் அவரே என்னைப் பிடித்தார், தெரியாமல்தான். "அக்கா, அந்தப் பச்சைச் சேலைய ஒருநாள் கட்டச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க." இதற்கு என் சி.டி.யில் படம் இல்லை.

கணவரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "மொதல்ல போ. போய்ச் சேலையக் குடு. படத்த எடு. அப்புறம் அந்தப் பையனுக்கு எல்லாத்தையும் எழுதிரு" என்றார். சனிக்கிழமை விடிவதற்கு முன் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கருவேலங்காடு. மடியில் சேலைப் பொட்டலம், அதன்மேல் கேமரா. அந்த அம்மாளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, வெட்கப்படாமல் எப்படித் திரும்பி உட்காரச் சொல்வது என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கேமராவுக்கு வெட்கம் என்று நானே கட்டிவிட்ட கதையை நானே நம்பியிருந்தேன்.

சந்துக்குள் நுழைந்தபோது மணி பத்து இருக்கும். கடலிலிருந்து காற்று சுகமாக வந்தது. இடதுபக்கமிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது இடத்தில் நீலத் தார்ப்பாய் இருந்தது. உட்கார்ந்திருந்தது முப்பது வயதுப் பெண். இரண்டாவதாக இருந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"போட்டோ புடிக்கிற டீச்சரம்மாதான? ரொம்ப நாளாக் காணமே."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. "இங்க ஒரு அம்மா இருப்பாங்களே" என்று கையைக் காட்டினேன்.

"அவுகளா? போய்ச் சேந்துட்டாகளே தாயி. இன்னையோட இருவது நாளு. ஐப்பசில விழுந்தவுக எந்திரிக்கவே இல்ல. நாலு மாசம். நாந்தான் கஞ்சி காச்சிக் குடுத்தேன். மருமகளுக எட்டிப் பாத்தாத்தான?"

"நினைவு இருந்துச்சா?"

"கடைசி வாரம் வரைக்கும் நல்லா இருந்துச்சே. ஆள்கள அடையாளம் தெரியும், பேசுவாக. வெளிநாட்டுல ஒரு மகன் கெடக்கான். அவன் வருவானா வருவானான்னு என்கிட்ட மட்டும் கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல? வருவான்க்கா, வருவான்க்கான்னு சொல்லி வச்சேன். அவனுக்குச் சாவச் சொல்லக்கூடாதுன்னு ஊர்ல கட்டுப்பாடு."

இருபது நாள். தைக் கடைசி. அவருக்குத் தருவதாகச் சொன்ன லீவு தை முதலில். நான் விரல்விட்டு எண்ணவில்லை, எண்ணாமலே தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, ஆனால் அழுதேன். அந்த அம்மாள், உறவா என்று கேட்டார். இல்லை என்றேன். சேலைப் பொட்டலத்தை நீட்டி, அவங்களுக்குக் கொண்டுவந்தது, நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க என்றேன். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. பிரித்துக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன். வரிசையில் அத்தனை பேரும் கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எப்போதும் படம் எடுக்கிற ஊர்ப் பக்கம்தான் நின்றிருந்தேன். அத்தனை முகமும் எனக்குத் தெரிந்தது.

"நீங்க அந்தப் பக்கம் பார்த்துத்தானே உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

"அது கச்சானுக்கு. கச்சான் மண்ண வாரி மொகத்துல அடிக்குமே, அதான் கடலப் பாத்துத் திரும்பிருவோம். ஐப்பசி பொறந்து காத்து மாறுனா இப்பிடி. இது வயித்துல இருக்க புள்ளைக்கும் தெரியுமே" என்று சிரித்தார்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் தெரிந்தது, அந்தச் சந்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று நான் போட்ட ஒவ்வொரு படத்திலும் ஒரு வரிசைப் பெண்கள் கச்சானுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்திருக்கிறார். கொடி விஷயத்தில் ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். நான் பருவம் மாறிவிட்டது என்றேன். அம்மா திரும்பியே இருக்கிறாளே என்று இன்னொரு தரம் கேட்டார். வெட்கம் என்றேன். கண் கண்டதை விட்டுவிட்டு அக்கா சொன்னதை நம்பினார். என்னை நம்பாமல் போயிருந்தால் தைக்கே டிக்கெட் எடுத்திருப்பார்.

அந்த வரிசையை ஒரு படம் எடுத்தேன். வெட்டவில்லை, ஓரம் பார்க்கவில்லை. பஸ் பிடித்து மதுரை வந்து நேரே ஆரப்பாளையம் மாடிக்குப் போனேன். முதலில் அவருக்கு மடல் எழுதினேன். வைகாசியிலிருந்து நான் மதுரையில் இருப்பது, படங்கள் பழையவை என்பது, சேலை கொடுக்காதது, அம்மா ஐப்பசியில் விழுந்தது, இருபது நாளுக்கு முன் போனது, கடைசி வாரம் வரை நினைவோடு இருந்தது, அவரைக் கேட்டது. எதையும் விடவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அழித்தேன். அதைக் கேட்டால் அதற்கும் அவர்தான் பதில் எழுதவேண்டியிருக்கும். பிறகு படத்தை ஏற்றினேன். கீழே அந்த வரி வழக்கம்போல் வந்து நின்றது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அது உண்மை.

சென்டர்க்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்குக் கடலக் காணம்?" என்றார். காசை வைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

தம்பியிடமிருந்து நாலு நாள் ஒன்றும் வரவில்லை. மடலுக்குப் பதில் வரவே இல்லை. படத்தின் கீழே மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். 'யதார்த்தம்' என்றது சிங்கப்பூர். 'மூக்கைத் துளைக்குது மேடம், நாளைக்குக் கடல் போடுங்க' என்றது சிகாகோ. ஐந்தாம் நாள் சாயங்காலம் அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார். நான் எழுதிய மடலை நம்ப அவருக்கு என்ன காரணம் இருந்தது? அதற்கு முன் நான் எழுதியதெல்லாம் என்னவென்று அவருக்கு இப்போது தெரியும். அதனால் படத்தைப் பார்த்திருக்கிறார். வரிசையை இடதுபக்கமிருந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"இது இன்னைக்கு எடுத்ததுதான் அக்கா. எல்லாரும் ஊரப் பாத்து உக்காந்திருக்காக. எல்லார் மொகமும் தெரியுது."